அசையாமல் எடுத்த படம்

என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். நீயும் சின்னவளும் சுகந்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

"போன படத்துல மூஞ்சியே தெரியலை, எதையோ மறைக்கிறீங்க" என்று திட்டியிருந்தாய். என் துணிக்கடை தரைக்குக் கீழே இருக்கிறது. பகலிலும் ஒரே பல்புதான். என் மலிவு கேமராவைக் கையில் பிடித்தால் படம் கலங்குகிறது. ஃபிளாஷ் போட்டால் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுக்கிறது. பக்கத்துக் கடைக் கடிகாரக்காரரிடம் கேட்டேன்.

"புது கேமரா எதுக்குய்யா? இதையே அசையாம வச்சு டைமர் போடு. ஷட்டர் ஒரு செகண்டு திறந்திருக்கட்டும். அதுவரைக்கும் மூச்சு விடாத" என்றார்.

கேமராவைத் துணி மூட்டைமேல் வைத்துவிட்டு ஓடிப்போய் எதிரே உட்கார்ந்தேன். ஏழாவது தடவை, இமைமுடி வரை துல்லியமாக விழுந்தது. புருவத்துக்கு மேலே இருக்கிற தழும்பும் படத்தில் விழுந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால் கடைப் படியில் சறுக்கினேன். மூன்றே தையல், ஆறிவிட்டது. சொல்லாதது தப்புதான். ஆஸ்பத்திரியில் "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டபோதுதான் கொஞ்சம் வலித்தது.

செல்போனை ஜன்னலோரம் வைத்து நீங்களும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். சின்னவளைப் பிடித்து நிறுத்தாதே. அவள் ஆடிக் கலங்கினாலும் பரவாயில்லை. என் அறையில் எல்லாம் அசையாமல்தான் இருக்கிறது.

துணி வாங்க ஆள் வந்துவிட்டார், கடையைப் பார்க்கிறேன்.

உன் வீட்டுக்காரன்