உம் என்றால் சம்மதமாம்

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசாமல் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் குரலைக் கேட்டால் கேட்க வந்ததை விட்டு வேறு எதையோ பேசிவிடுவேன்.

தீர்ப்பைப் படித்தேன். சாலைக்காக வீட்டைக் காலி செய்யச் சம்மதமா என்று உங்களுக்குப் புரியாத அரசாங்க மொழியில் நீதிபதி கேட்க, நீங்கள் "உம்" என்றீர்களாம். சம்மதம் என்று எழுதிவிட்டார்கள். நம் மொழி தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கலாமே அப்பா? கேட்டால் தர வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதே.

உங்கள் மகள்

மார்ச் 11

பாப்பா,

பெரிய மனுஷர் பேசும்போது உம் கொட்டாம மரம் மாதிரி நிக்கச் சொல்றியா? கேட்டுக்கிட்டிருக்கேன்னு காட்டினேன், அவ்வளவுதான். கல்யாணமான நாள்லேருந்து உங்கம்மா பேச்சுக்கு உம் கொட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். எதுக்காவது சம்மதிச்சிருக்கேனான்னு அவளையே கேளு.

நம்ம பாஷைக்காகப் போட்ட சட்டத்தை அவங்க பாஷையிலதானே கோர்ட்டுச் சுவத்துல ஒட்டியிருக்காங்க! யாரு படிச்சா? அம்மா சாமானைக் கட்ட ஆரம்பிச்சுட்டா. மேல்முறையீடு போட்டிருக்கேன். ஆமா, அரசாங்கத்துக்கு நம்ம மேல திடீர்னு என்ன பாசம்?

அப்பா

மார்ச் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

பாசமெல்லாம் இல்லை. நம் நாட்டுத் துணியை வாங்குகிற நாடுகள், சிறுபான்மையோருக்குச் சட்டம் இருந்தால்தான் வரியைக் குறைப்போம் என்றன. சட்டம் வந்தது. என் மேலதிகாரி ஒளிக்காமல் சொல்கிறார்: "போட்டதே அவங்களுக்குக் காட்டத்தாம்மா. அவங்க பார்க்கிறப்ப மட்டும் நடைமுறைப்படுத்துவோம்." இதுவரை நம் மொழிப் பெயர்ப்பலகைகளில் எழுத்துப்பிழை திருத்துவதுதான் என் வேலையாக இருந்தது.

இப்போது அந்த நாடுகளின் குழு வருகிறது. மொழிபெயர்ப்பாளரோடு ஒரு வழக்கு நடப்பதைப் பார்க்க வேண்டுமாம். மேல்முறையீட்டுக் கோப்புகளிலிருந்து உங்கள் வழக்கை உருவி மேலதிகாரி முன்னால் தள்ளினேன். யாருடையது என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை விசாரணை. குழு ஊர் திரும்பிவிட்டால் நம்மை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நம் மொழிக்கு இருக்கிற ஒரே மொழிபெயர்ப்பாளர் நான். சொந்தக்காரர் மொழிபெயர்க்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. நான் உங்கள் மகள் என்று தெரிந்தால் விசாரணையைத் தள்ளிவைத்துவிடுவார்கள்; அதற்குள் வீடு இருக்காது.

இதைக் கேட்க மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை என்னைப் பார்த்துச் சிரிக்காதீர்கள் அப்பா. சாப்பிட்டாயா என்று கேட்காதீர்கள். யாரோ ஒரு அரசாங்கத்துப் பெண்ணிடம் பேசுவது போல "மேடம்" என்று கூப்பிடுங்கள். அம்மாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அம்மாவால் முடியாது.

உங்கள் மகள்