சவரி அண்ணன் பேனாவுக்கு ஒரு விலை

3 மார்ச் 2025, திங்கள்

பேனா பற்றி எழுதிவைக்க வேண்டியவை:
1. எந்தக் கம்பெனிப் பேனா.
2. முழுவதும் அசலா.
3. இன்றைக்கு என்ன விலை போகும்.
4. அதற்குச் சமமாக எதை வைப்பது.
5. எனக்கு அதன்மேல் ஆசை கிடையாது. (இது கேள்வி இல்லை. மறக்காமல் இருக்க எழுதினேன்.)

சவரி அண்ணன் பாலக்கோட்டில் பத்திரம் எழுதியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிறிஸ்துமசுக்கு முன் இறந்துபோனார். நிலம் எப்போதோ பிரித்தாகிவிட்டது. மீதம் ஒரு மோதிரம், ஒரு இரும்பு மேசை, இந்தப் பேனா. வாரிசு நானும் தங்கை ராயம்மாளும்தான்.

எங்கள் குடும்பத்து வழக்கம்: மூத்தவர் பாகம் பிரிக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். ஆகவே இரண்டு பாகமும் சமமாக இருக்க வேண்டியது என் பொறுப்பு. அதற்கு விலை தெரிய வேண்டும்.

5 மார்ச், திருநீற்றுப் புதன்

கோயில் முடிந்து தருமபுரி போனேன். பேனா பழுது பார்க்கும் மாரியப்பன் லென்சை வைத்து வெகுநேரம் பார்த்தார். மூடியில் அம்பு வடிவக் கிளிப் இருப்பதால் பார்க்கர் என்றே நினைத்திருந்தேன்.

"மூடி பார்க்கருதானுங்க சார். நிப்பு வேற கம்பெனி. உடம்பு எபோனைட்டு, நம்ம பக்கம் கடைஞ்சது. மூணு ஊர்க்காரன ஒரே வூட்ல குடிவெச்சாப்ல இருக்குதுங்க."

அண்ணன் ஒவ்வொன்றாக உடைய உடைய மாற்றியிருக்கிறார். அப்படியானால் முதலில் வாங்கிய பேனா எது? இதில் அசல் என்று எதைச் சொல்வது? முதல் இரண்டு கேள்விகளும் இங்கேயே குழம்பிவிட்டன.

மாரியப்பன் எண்ணூறு ரூபாய் தருவதாகச் சொன்னார். உடனே பேனாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் அவ்வளவு அவசரம்?

8 மார்ச்

தவறு செய்துவிட்டேன்.

காய்ந்த மை போகட்டும் என்று பேனாவை வெந்நீரில் ஊறவைத்தேன். எடுத்துப் பார்த்தால் கறுப்பு உடம்பு மங்கிப் பழுப்பாகிவிட்டது. எபோனைட் என்றால் கந்தகம் சேர்த்த ரப்பர். வெந்நீர் பட்டால் நிறம் போகும். முப்பத்திரண்டு ஆண்டு வேதியியல் நடத்தியவன் நான்!

தெரியாமல்தான் செய்தேனா? அழகு குறைந்தால் ராயம்மாள் அதை எடுக்கமாட்டாள் என்று உள்ளுக்குள் ஏதாவது — சேச்சே. என்ன மனுசன்யா நீ.

11 மார்ச்

ஓசூரில் வேலை பார்க்கும் மகள் ஷைனி, பெங்களூரில் பழைய பேனா சேகரிக்கும் ஒருவரிடம் பேசினாள். அவர் எழுதிக்காட்டி வீடியோ அனுப்பச் சொன்னாராம்.

12 மார்ச்

இந்த வரி சவரி அண்ணன் பேனாவால் எழுதியது. சோதனைக்காக மட்டும்.

13 மார்ச்

இதுவும் சோதனை. அழுத்தினால் கோடு தடிக்கிறது, விட்டால் மயிரிழையாகிறது.

14 மார்ச்

மூன்றாவது சோதனை. அரைப் பக்கம் ஜெபம் எழுதினேன்.

17 மார்ச்

ஷைனி போன் செய்தாள். "அப்பா, நிப்பு தங்கமாம். அப்படி வளையற நிப்பு இப்ப கிடைக்காதாம். பதினெட்டாயிரம் சொன்னாரு. கலர் போனதுக்கு ரெண்டாயிரம் கொறைச்சுக்குவாராம்."

எண்ணூறா, பதினாறாயிரமா? ஒரே பொருள்தான். இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்களாகத் தெரியவில்லை. அதிகமாகச் சொன்னதையே எடுத்துக்கொண்டேன். குறைந்த விலையை எழுதினால் ராயம்மாளை ஏமாற்றியதாகும் என்று பட்டது. அதிக விலையை எழுதினால் அவள் பேனாவை எடுத்துவிடுவாளே என்றும் பட்டது.

19 மார்ச்

மோதிரத்தை நகைக்கடையில் எடை போட்டேன். இன்றைய விலைக்குப் பதினெட்டாயிரத்துச் சொச்சம். பேனாவோடு மேசையைச் சேர்த்தால் ஏறக்குறைய சரியாகிறது.

முதல் பாகம்: மோதிரம். இரண்டாம் பாகம்: பேனாவும் மேசையும்.

ராயம்மாளுக்கு மூன்று பேத்திகள். மோதிரத்தைத்தான் எடுப்பாள். வேறெதை எடுக்கப்போகிறாள்?

23 மார்ச், ஞாயிறு

ராயம்மாள் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தாள். மோதிரத்தையும் பேனாவையும் அந்த இரும்பு மேசைமேலேயே வைத்துவிட்டு, நான் எழுதிய விவரங்களைப் படித்துக் காட்டினேன். வெந்நீர் விஷயத்தையும் மறைக்கவில்லை.

கேட்டு முடித்துச் சிரித்தாள். "மோதரத்துக்கு ஒரு வரி எழுதியிருக்கற. பேனாவுக்கு நாலு பக்கம். எது ஒசத்தின்னு எனக்குத் தெரியாதாண்ணா?"

"இரண்டும் சமம் ராயம்மா. கணக்கைப் பார்."

"கணக்க நீயே வெச்சுக்க." பேனாவைக் கையில் எடுத்தாள். மூடியைத் திறந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உனக்கு ஆசைன்னா வாயத் தொறந்து சொல்லு. வேணாங்கவா போறேன்?"

சொல்லியிருக்கலாம். அவள் காத்திருந்தாள்.

"ஆசையெல்லாம் ஒன்றும் இல்லை" என்றேன்.

"அப்பச் சரி." பேனாவைக் கைப்பையில் பஸ் டிக்கெட்டுகளோடு போட்டுக்கொண்டாள். "மேசைய எவன் தூக்கறது? அது இங்கியே கெடக்கட்டும். மோதரத்த ஷைனிக்குப் போடு."

சாப்பிட்டுவிட்டு இரண்டரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நான் பஸ் நிறுத்தம் வரை போனேன். அங்கேயும் சொல்லியிருக்கலாம்.

24 மார்ச்

பால்பாயிண்டில் எழுதுகிறேன். மூன்றாம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஐந்தாவது குறிப்பு தவறு.