அழுத்தினால் மட்டும் கேட்கும் பெட்டி

பிப்ரவரி 4

அன்புள்ள மத்தளத்துக்கு,

இங்கே அத்தானும் நானும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். நேற்று போனில் கேட்கலாம் என்றால், நான் பேசியதில் பாதி உன் காதில் ஏறவே இல்லை. மீதி நேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாய். அதனால்தான் கடிதம். இதற்குத் தாளம் போட முடியாது பார்.

விஷயம் இதுதான். நீ வெகுநாளாகப் புலம்பும் அந்த சாம்ப்ளர் பெட்டியை உன் பிறந்தநாளுக்கு வாங்கி அனுப்பப் போகிறேன். நான் வேலை செய்யும் பல் ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே இசைக்கருவிக் கடை இருக்கிறது. வேண்டாம் என்று வீம்பு பிடிக்காதே. போன வருஷம் என் குழந்தை பிறந்த அன்றைக்கே இறந்துபோன பிறகு, தினமும் எனக்குப் போன் செய்தவன் நீ ஒருவன்தான். ஆறுதல் சொல்கிறேன் என்று என்னைப் படுத்தாமல், நீ வேலை செய்யும் பார்சல் கோடவுனில் நடக்கும் கூத்துகளைச் சொல்லிக்கொண்டிருந்தாய். அதற்காக இது.

அத்தான் நல்லவர்தான். ஆனால் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்க் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுகிறார். எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் இப்போது முகம் பார்க்கலாம்.

எந்தப் பெட்டி, அதை வைத்து என்ன செய்வாய், எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 13

அன்புள்ள அக்கா,

வீம்பெல்லாம் பிடிக்கவில்லை. கடிதத்தைப் படித்ததும் அறைக்குள் குதித்தேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

புரிகிற மாதிரி சொல்கிறேன். பழைய பாட்டு ஒன்றில் நமக்குப் பிடித்த இடத்தை வெட்டி எடுக்க வேண்டும். அதையும் சின்னச் சின்னத் துண்டாக்கி, பெட்டியில் இருக்கும் ரப்பர் பட்டன்களில் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். பிறகு விரலால் தட்டித் தட்டிப் புதிதாக ஒரு தாளம் கட்ட வேண்டும். அதன்மேல்தான் என்னோடு சேர்ந்து பாட்டுப் போடும் நம் பாட்டுக்காரன் ராப் பாடுவான். பாட்டுதான் என்று இல்லை, எந்தச் சத்தத்தையும் வெட்டலாம். கோடவுனில் அட்டைப்பெட்டி ஒட்டும் டேப்பை இழுக்கிற சத்தம் இருக்கிறதே, அதை டிரம்முக்குப் பதில் போட்டால் அப்படி இருக்கும்!

எனக்கு வேண்டியது அந்தப் பழைய சாம்பல் நிறப் பெட்டி. செகண்ட்ஹேண்டில்தான் கிடைக்கும். அதில் இடம் ரொம்பக் குறைவு, அதனால் எது வேண்டும் எது வேண்டாம் என்று நாமே யோசித்துத்தான் எடுக்க முடியும். சத்தமும் கொஞ்சம் கரகரப்பாகி கனமாக வரும். நாமாகப் பட்டனை அழுத்தினால்தான் அது கேட்கும், மற்ற நேரமெல்லாம் செவிடு. அந்தக் குணம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அதில் ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. நண்பன் பெட்டியை இரவல் வாங்கி வைத்திருந்தபோது, ரேடியோவில் ஒரு அம்மாள் பாட்டுக்கு நடுவே மூச்சு வாங்கினாள். அவ்வளவு அழகு. பட்டனை அழுத்தாமல் விட்டுவிட்டேன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உன் தம்பி


பிப்ரவரி 27

அன்புள்ள மத்தளத்துக்கு,

திட்டாதே. நீ கேட்டதை வாங்கவில்லை, அதைவிட நல்லதாக வாங்கிவிட்டேன்.

உன் சாம்பல் பெட்டியும் கடையில் இருந்தது. கையில்கூட எடுத்துவிட்டேன். கடைக்காரப் பெண்தான் விடவில்லை. “உங்க தம்பி எதுக்கு இந்தப் பழசைக் கட்டிக்கிட்டு அழறாரு? இந்தப் புதுசு எப்பவும் கேட்டுக்கிட்டே இருக்கும். ரெக்கார்ட் போட மறந்தாலும் பரவாயில்ல. அப்புறமா ஒரு பட்டனை அழுத்தினா போதும், கொஞ்ச நேரம் முன்னாடி உள்ள போன சத்தத்தை அப்படியே எடுத்துக் குடுத்துடும்” என்றாள்.

சாம்பல் பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். நழுவிப் போனதைத் திரும்பப் பிடித்துத் தரும் பெட்டி. யாருக்குத்தான் வேண்டாம்? இனிமேல் எந்த அம்மாள் மூச்சு வாங்கினாலும் உனக்கு வயிறு எரியாது. பத்திரமாக வைத்துக்கொள். மேலே டீ டம்ளரை வைக்காதே.

உன் அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

முதலில் கொஞ்சம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டதென்னவோ உண்மை. இப்போது சொல்கிறேன், நீ வாங்கியதுதான் சரி.

இந்த உறையில் ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். நான் இதுவரை கட்டியதிலேயே இதுதான் உருப்படியானது. பாட்டுக்காரன் இதைக் கேட்டுவிட்டு, “இதுமேல நான் பாட மாட்டேன்டா, இது இப்படியே இருக்கட்டும்” என்றான். வாயை மூடத் தெரியாத அவனே அப்படிச் சொல்லிவிட்டான். வெறும் தாளமாகவே இணையத்தில் ஏற்றிவிட்டோம். முன்பின் தெரியாதவர்கள்கூட எழுதுகிறார்கள்.

அதற்குள் உனக்கென்று ஒன்று வைத்திருக்கிறேன். நீயே கண்டுபிடி.

உன் தம்பி


ஏப்ரல் 15

தம்பிக்கு,

கண்டுபிடித்தேன்.

அத்தான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். “என் தம்பி பண்ணினது, கேளுங்க” என்று பெருமையாகப் போட்டேன். டேப் இழுக்கிற சத்தம் வந்ததும் சிரித்தேன். அதற்குப் பிறகு என் குரல் வந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் நான் உன்னிடம் சொன்னது, மகளுக்கு நான் வைத்திருந்த பெயர். பெயர் வைத்தால் தாங்க முடியாது, வேண்டாம் என்று ஆஸ்பத்திரியிலேயே அத்தான் சொல்லியிருந்தார். நானும் சரி என்றேன். ஆனால் அவள் வயிற்றில் இருந்தபோதே, அத்தான் இல்லாத நேரத்தில், அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் போன பிறகு அதை வாய்விட்டுச் சொன்னது உன்னிடம் மட்டும்தான். அதுவும் ஒரே ஒரு முறை.

நீ அதை வெட்டியிருக்கிறாய். முதல் எழுத்தைத் திரும்பத் திரும்பத் தட்டியிருக்கிறாய். நடுவில் நான் அழுகையை அடக்கின இடத்தைத் தாளத்துக்கு வைத்திருக்கிறாய். கடைசியில் ஒரு தடவை முழுப் பெயரையும் விட்டிருக்கிறாய்.

“யார் பேரு அது?” என்று அத்தான் கேட்டார். சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்தினார். இறங்கிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அங்கே கழுவுவதற்குப் பாத்திரம் எதுவும் இல்லை.

முன்பின் தெரியாதவர்கள் எழுதுகிறார்கள் என்றாயே. எனக்கு வயிறு பற்றி எரிகிறது.

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றைக்கே அதை இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன். யாராவது எடுத்து வைத்திருந்தால் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

திட்டம் போட்டுச் செய்யவில்லை. பழைய பாட்டு ஒன்றைப் பெட்டிக்குள் ஏற்றுவதற்காகப் போனை வயர் போட்டு மாட்டியிருந்தேன். நீ கூப்பிட்டாய், கழற்றாமலேயே எடுத்துப் பேசினேன். நீ சொன்னாய். போனை வைத்தாய். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கை தானாகப் போய் அந்தப் பட்டனை அழுத்திவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. எனக்கு யார்மேல் பாசம் வந்தாலும் வெட்டித் தட்டத்தான் தெரிகிறது. இவள் பெயருக்கு நாலு பேராவது தலையாட்டட்டும் என்று நினைத்தேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் கடைசிவரை நம்பினேன். அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

பெட்டியை உனக்கே அனுப்புகிறேன். உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். முதல் பட்டனில் மட்டும் நீ சொன்னது, வெட்டாமல், முழுசாக இருக்கிறது. என் கையால் அதை அழிக்க முடியவில்லை. அழிக்கிற பட்டனில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.

போனை எடு அக்கா, ஒரு தடவையாவது.

தம்பி


ஜூன் 10

அன்புள்ள தம்பிக்கு,

பெட்டி வந்து நாளாயிற்று. பிரிக்காமல் அலமாரி மேல் வைத்திருந்தேன். யாரும் தொட வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன்.

போன வாரம் வேலை முடிந்து வந்தபோது, அத்தான் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை. முதல் பட்டனை அழுத்தினார். முடிந்ததும் மறுபடி அழுத்தினார். எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தாரோ, எதிரே இருந்த காபி ஆடை படிந்து கிடந்தது. பின்னால் போய்த் தோளைத் தொட்டேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “இதுல வேண்டாம். நீயே ஒரு தடவை சொல்லேன்” என்றார்.

சொன்னேன். அவரும் சொல்லிப் பார்த்தார். அன்று இருவரும் சேர்ந்து அழுதோம், முதல்முறையாக. நீ செய்ததால்தான் இது நடந்தது என்று எனக்குத் தெரியும். அதற்காக நீ செய்தது சரியாகிவிடாது, அதுவும் தெரியும். மன்னித்துவிட்டாயா என்று கேட்காதே. சில நாள் காலையில் எழுந்திருக்கும்போது மன்னித்துத்தான் இருக்கிறேன். பல் ஆஸ்பத்திரியில் யாராவது போனில் தாளத்தைப் போட்டால், அதற்குள் அவள் இருப்பாளோ என்று கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டுக் கேட்கிறேன்.

சிவப்பு ஸ்டிக்கரை நாங்கள் தொடவில்லை. பெட்டி இங்கேயே இருக்கட்டும்.

இத்துடன் வரும் பார்சலில் நீ கேட்ட பழைய சாம்பல் பெட்டி இருக்கிறது. இத்தனை நாளாக விற்காமல் கடையில் அதே இடத்தில்தான் இருந்தது. முதலிலேயே உன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். தாளம் கட்டுவதை விட்டுவிடாதே, அதை விடச் சொல்லி நான் கேட்கவில்லை.

போன் மட்டும் செய்யாதே. நான் பேசும்போது உன் பக்கம் எது கேட்டுக்கொண்டிருக்கிறது என்று இனி என் மனசு யோசித்துக்கொண்டே இருக்கும். எழுது, பதில் போடுகிறேன். கடிதத்தில் எதைக் கொடுக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

நீ மேசையைத் தட்டுகிற சத்தம் கேட்காததுதான் கஷ்டமாக இருக்கிறது.

அக்கா