தோளுக்கு மேலே

மார்ச் 3
வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று காலை பனியன் போடப் போய் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டேன். தலை உள்ளே, இடது கை வெளியே, வலது கை போகவும் இல்லை, வரவும் இல்லை. காலடிச் சத்தம் கேட்டது. மனைவிதான் என்று நினைத்து, "வா என் தங்கமே, வந்து அவுத்து விடு" என்றேன். வந்தது வாடகை கேட்க வந்த வீட்டுக்காரம்மா. பனியனுக்குள் இருந்தபடியே வணக்கம் சொன்னேன்.

மனைவி சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். நானும்தான். அப்புறம் சட்டையை மாட்டிவிட்டாள். அப்போது ரெண்டு பேருமே சிரிக்கலை.

மார்ச் 5
இடுப்பு உயரத்தில் இந்தக் கை எல்லாம் செய்யும். சோறு பிசையும், இதோ எழுதுது. தோளுக்கு மேலே மட்டும் போகாது. என் பிழைப்பே தோளுக்கு மேலேதான். சுவருக்குப் பெயிண்ட் யார் வேணா அடிப்பான், சீலிங் அடிக்க எங்க மேஸ்திரியிடம் நான் ஒருத்தன்தான்.

மழைக்காலத்தில் சாரத்திலிருந்து விழுந்தேன். எலும்பு உடையலையே என்று தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போனேன். கை ஏறாதபோது உடம்பைச் சாய்த்து ஒரு வீசு வீசி ஏற்றினேன். கூட வேலை செய்யும் நெட்டை, "என்ன மாமா, டான்ஸ் ஆடுறே?" என்பான். "டிக்கெட் வாங்கிட்டுப் பாருடா" என்பேன். இப்போ வீசினாலும் ஏறலை.

மேஸ்திரி சொல்லிட்டார்: "அடுத்த மாசம் பெரிய மண்டபம். அதுக்குள்ள கை ஏறுச்சுன்னா சீலிங் உனக்கு. இல்லைன்னா என்னைக் குத்தம் சொல்லாதே."

மார்ச் 9
ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பொண்ணு என்னை 'அங்கிள்' என்றது. பாதித் தெம்பு அங்கேயே போச்சு. அறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு. "இவரு ரொம்ப நாளா வர்றாரா பாப்பா? இளைச்சுட்டாரே" என்றேன். அதற்கப்புறம்தான் சிரித்தது.

எலும்பு தானாக அசையாதாம். தசை இழுக்கணும். தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால் ஜோடி போட்டு வச்சிருக்கு. முழங்கையை மடக்க முன்பக்கத்துத் தசை இழுக்கும், பின்பக்கத்தது விட்டுக்கொடுக்கும். நீட்டும்போது அது இழுக்கும், இது விட்டுக்கொடுக்கும்.

"எங்க வீட்டுல ரெண்டுமே இழுக்கும் பாப்பா." மனைவி கிள்ளினாள். நல்ல கையில்தான்.

மார்ச் 16
தோள் என்பது ஒரு கிண்ணத்தில் நிற்கிற பந்து. கிண்ணத்துக்கு ஆழமே கிடையாது. நாலு சின்னத் தசைகள் பந்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டால்தான் மேலே இருக்கிற பெரிய தசை கையைத் தூக்கும். சின்னவர்கள் விட்டுவிட்டால், பெரியவன் இழுக்க இழுக்கப் பந்து நழுவி மேலெலும்பில் முட்டும். எனக்கு முட்டுது. அதாவது, ஏணியின் அடியைப் பிடித்தவன் டீ குடிக்கப் போயிட்டான்.

மார்ச் 18
சுவரில் விரலாலேயே ஏறணும், அதுதான் பயிற்சி. நேற்று ஸ்விட்ச் வரை. இன்று ஸ்விட்சுக்குக் கீழே.

மார்ச் 24
டாக்டர் ஸ்கேன் பார்த்தார். தசையை எலும்போடு கட்டி வைக்கிற நாண் அறுந்து உள்ளே சுருங்கிப் போச்சாம்.

"இழுத்து வச்சுத் தைக்க முடியாதா சார்?"

"நாண் மட்டும்னா தைக்கலாம். அந்தத் தசையே வேலையில்லாமக் கெட்டு, கொழுப்பா மாறியிருக்கு. தையல் நிக்காது. விழுந்த உடனே வந்திருந்தா..." பாதியில் நிறுத்திக்கொண்டார். நல்ல மனுஷன்.

கொழுப்பு! கல்யாணமான நாளிலிருந்து இவள் சொல்லிக்கொண்டிருந்ததை ஸ்கேன் எடுத்து உறுதிப்படுத்திட்டாங்க. இதைச் சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று அவள் பக்கம் திரும்பினேன். அவள் டாக்டர் அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மட்டமாக அடித்த சுவர். சொல்லலை.

மார்ச் 25
யார் மேலே கோவிச்சுக்கிறது? எலும்பு நல்லாத்தான் இருக்கு. இழுக்க ஆளில்லை.

மார்ச் 30
மேஸ்திரி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரலை. மண்டபத்து சீலிங் நெட்டைக்கு.

நெட்டை வாசலிலேயே நின்றான். "உள்ளே வாடா, குனிஞ்சு வா, எங்க நிலைப்படி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றேன். அவன் சிரிக்கலை. "நான் கேக்கலை மாமா. அவராத்தான் குடுத்தாரு."

"தெரியும்டா. ஓரத்தை முதல்ல முடிச்சுக்கோ. நடுவுல ரோலரை நிறுத்திடாதே."

போய்ட்டாங்க. அந்தப் பய நின்ன இடத்திலேயே கையை நீட்டினா கூரையைத் தொட்டுடும். நான் முப்பது வருஷம் அண்ணாந்தே... எதுக்குய்யா இத்தனை வருஷம்? கழுத்து வலிக்க வலிக்க — சரி, விடு.

ஏப்ரல் 2
பயிற்சிக்குப் போகலை. அவள் கேட்கவும் இல்லை.

ஏப்ரல் 6
பெயிண்ட் கடையில் இன்றைக்கு முதல் நாள். கலர் கலக்குகிற மிஷின் மேஜை உயரம்தான். மேல்தட்டு டப்பாவை எடுக்க வேறு ஆள் இருக்கிறான் என்று முதலாளி முன்னாடியே சொல்லிவிட்டார். நல்லவிதமாகத்தான் சொன்னார்.

போகும்போது பஸ்ஸில் இடம் இல்லை. டிரைவர் பிரேக் போட்டார். பழக்கத்தில் வலது கை மேல்கம்பியைப் பிடிக்கப் புறப்பட்டு, மார்பு வரை வந்து நின்றுகொண்டது. இடது கைதான் போய்ப் பிடித்தது. அந்தக் கையில் மத்தியானச் சாப்பாட்டுக்கான தயிர் டப்பா இருந்தது. டப்பா முன்சீட்டுப் போலீஸ்காரர் மடியில் இறங்கியது. அடுத்த நிறுத்தத்தில் நானும் இறங்கினேன். கடைக்கு நடந்து போனேன்.