அடக்கிக்கலாம்

இன்று காலை மல்லிச் செடிக்குப் பாத்தி வெட்டும்போது காய்ந்த மண்ணுக்குள்ளிருந்து ஒரு தவளை வந்தது. கையில் எடுத்தேன். சர்ரென்று நனைத்துவிட்டது. நான் குதித்த குதியை நீ பார்த்திருந்தால் தெருவையே கூப்பிட்டுக் காட்டியிருப்பாய்.

"பாவம்ப்பா, கோடைக்குன்னு அது சேத்து வச்ச தண்ணி" என்றாள் நம் மகள். பத்தாவதோடு நின்றவனுக்குப் பன்னிரண்டாவதுக்காரி பாடம் எடுத்தாள். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லையாம், தோல்தான் உறிஞ்சுமாம். மழைக்காலத்தில் மிஞ்சுகிற தண்ணீரைச் சிறுநீராகக் கொட்டிவிட்டு, அதோடு போகிற உப்பைத் தோல் வழியாகவே திரும்பப் பிடித்துக்கொள்ளுமாம். கோடையில் மண்ணுக்குள் புதைந்து, பையில் நிற்கும் சிறுநீரிலிருந்தே தண்ணீரை உடம்புக்குத் திருப்பிக்கொள்ளுமாம்.

"நமக்கு?"

"நமக்கு அந்த வசதி இல்லப்பா."

தவளையைப் பாத்தியில் விட்டு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். அவள் பாட்டிலையும் நிரப்பலாம் என்று எடுத்தால், நேற்று ஊற்றிய தண்ணீர் அப்படியே இருக்கிறது.

"ஸ்கூல்ல பாத்ரூம் பூட்டியே கெடக்குப்பா. அடக்கிக்கலாம்."

உன் சொல். உன் குரலும்கூட. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெரம்பலூரில் நீ சேலை எடுத்துப்போட்ட ஜவுளிக்கடைக்கு மூன்று மாடி, ஏசி. வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு கக்கூஸ் கிடையாது. காலைக் காப்பியோடு சரி, பஸ் இறங்கி வீடு வந்தால்தான் உனக்குத் தண்ணீர். கேட்டால், "அடக்கிக்கலாம் மாமா, நான் ஒட்டகம்." காய்ச்சல் காய்ச்சலாக வந்து கிட்னியில் முடிந்தது. கடைசியில் டாக்டர் தண்ணீரை அளந்து கொடுக்கச் சொன்னார், உப்பை நிறுத்தினார். நான் வைத்த உப்பில்லாத ரசத்தைக் குடித்துவிட்டு, "நீங்க உப்புப் போட்டு வச்சதுக்கு இது தேவல" என்றாய்.

நீ போன அன்று அந்தக் கடையிலிருந்து உனக்குக் கோடிச் சேலை வந்தது. பட்டு! "கோடி போட அவ அண்ணன் இருக்கான், எடுத்துக்கிட்டுப் போங்கடா" என்று கத்தினேன்.

இன்று மண் கையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

"சாவி யாருகிட்ட இருக்குன்னு தெரியல சார். பொண்ணுங்க அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க" என்றார் தலைமையாசிரியை.

"உங்க ரூம் பாத்ரூமையும் பூட்டிச் சாவிய எங்கிட்ட குடுங்க மேடம். சாயங்காலம் தரேன். அதுவரைக்கும் நீங்களும் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

சாவி உடனே கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன், கைலியோடு போயிருக்கிறேன்.

"மானத்த வாங்கிட்டியேப்பா" என்று சாயங்காலம் பையை வீசினாள். பாட்டிலை எடுத்துக் குலுக்கினேன். காலி.

"கோவத்தக் கொஞ்சம் அடக்கிக்குங்க மாப்ள" என்று போனில் சொல்கிறான் உன் அண்ணன்.

அந்தச் சொல் இனி இந்த வீட்டில் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.