உன் சிறுநீரகம் களைத்துவிட்டது, அக்கா

என்னைப் பிழைக்க வைத்த அக்காவுக்கு,

போன வாரம் பொம்மிடியில் ரயில் ஏறி சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். பயாப்ஸி முடிவு வந்துவிட்டது. நீ கொடுத்த சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கிறதாம். உன்னிடம் இதை எப்படிச் சொல்வது?

அன்றைக்கு வேண்டாம் என்று எவ்வளவோ மறுத்தேன். கல்யாண வயதில் உனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்றேன். "எனக்கு ரெண்டும் நல்லா இருக்குது, உனக்கு ரெண்டுமே போச்சு. பேசாம வாடா" என்று அதட்டி ஆபரேஷனுக்கு அழைத்துப் போனாய்.

அதற்குப் பிறகு நான் பட்டதெல்லாம் நீ பார்த்ததுதான். உன் சிறுநீரகத்தை என் உடம்பு தள்ளிவிடாமல் இருக்கத் தின்ற மாத்திரைகளால் சர்க்கரை வந்தது, முகம் உப்பியது, ஸ்பேனர் பிடித்த கை நடுங்கியது. தூசி ஆகாது என்றார்கள். பைக் பட்டறையை மூடினேன். "உசுரோட இருக்கறியே, அது போதும்டா" என்பாய்.

கடத்தூர் ரோட்டில் அந்த லாரி உன்னை அடித்தபோது எனக்கு நுரையீரலில் கிருமித்தொற்று. கூட்டத்துக்குள் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாஸ்க் போட்டுக்கொண்டு தெருவோரம் தள்ளி நின்றுதான் உன்னைக் கடைசியாகப் பார்த்தேன். உன் காலைத் தொட்டு அழக்கூட முடியவில்லை.

நேற்று உன் மகள் செல்வி வூட்டுக்கு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் என் அடிவயிற்றுத் தழும்பின்மேல் கையை வைத்தாள். "எங்கம்மாவோடது இது ஒண்ணுதானங்க மாமா உசுரோட இருந்துச்சு" என்று விம்மினாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் தர்றேங்க மாமா. அம்மா குடுத்தாங்க, நான் குடுக்கக் கூடாதா?" என்றாள்.

"வேணாம் கண்ணு. உங்கம்மாவோடது போதும்" என்றேன். கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே போய்விட்டாள். நான் செய்தது சரிதானா, அக்கா?

இன்று மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸுக்குச் சம்மதம் சொன்னேன். உன்னுடையது முழுசாக நின்றுபோனால் வெட்டி எடுத்துவிடுவீர்களா என்று கேட்டேன். "தொந்தரவு இல்லன்னா எடுக்க மாட்டோங்க. அது பாட்டுக்கு உள்ளயே இருக்கும்" என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நெடுநேரம் அழுதேன்.

செல்வியின் உடம்பில் கத்தி பட விடமாட்டேன். அவள் கல்யாணத்தில், ஊசி குத்திய கையோடாவது, தாய்மாமனாக மணவறைப் பக்கத்தில் நிற்பேன். நீயும் என்னோடுதான் நிற்பாய்.

உன் கூடப் பிறந்த தம்பி,
முருகேசன்
பாப்பிரெட்டிப்பட்டி