ஓட்டுகிறவர் தவறு

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

வீட்டில் மனிதர்கள் சுகம். வண்டிக்குத்தான் உடம்பு சரியில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

உன் கடிதம் போன வாரம் வந்தது. மலைமேல் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்ததும், அடிவாரத்தில் வீடு பார்த்ததும், தினமும் நீயே காரை ஓட்டிக்கொண்டு ஏறி இறங்குவதும் படித்துச் சந்தோஷம். அங்கே செல்போன் எடுக்காது, எழுதினால்தான் உண்டு என்று சொல்லிவிட்டாய். நான் பேனா பிடித்துப் பல வருஷம் ஆகிறது. எழுத்து கோணலாக இருந்தால், டாக்டர்கள் எழுதுவதையே படித்துப் பழகியவள்தானே நீ, சமாளித்துக்கொள்.

மலையில் இறங்கும்போது இரண்டாம் கியரை விட்டு மாறாதே. வளைவுக்கு முன்னால் ஹாரன் அடி. இதை எழுதாமல் என்னால் இருக்க முடியாது என்று உனக்குத் தெரியும்.

நம் டிரைவிங் பள்ளியில் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். முட்டை மொத்த வியாபாரம் செய்பவர். ஐம்பதைத் தாண்டியபின் ஆசை வந்திருக்கிறது. சரக்கைப் பின்சீட்டில் அடுக்கி வைத்திருப்பது போலவே ஓட்டுகிறார். சைக்கிள்காரர்கள் எங்களை முந்தும்போது, அவரே கையைக் காட்டி வழி விடுகிறார். ஆனால் மனுஷர் ஒரு நாள்கூட வகுப்புக்கு மட்டம் போட்டதில்லை.

இனி வண்டி. நீ கற்றுக்கொண்ட அதே வெள்ளை வண்டிதான். ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அணைந்துவிடுகிறது. ஓரமாகத் தள்ளி நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டால், ஒன்றும் நடக்காதது போலக் கிளம்புகிறது. முதலில் இப்படி ஆனபோது வாரண்டி இருந்தது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். கண்ணாடிக் கூடம், காபி மெஷின், சுவரளவு டிவி. டை கட்டிய ஒரு பையன் வந்து, "கம்ப்யூட்டர்ல ஒண்ணும் காட்டலையே மேடம். யார் ஓட்டுறது, நீங்களா சாரா?" என்று கேட்டான். நான்தான் என்றேன். தாளில் 'ஓட்டுகிறவர் தவறு, கிளட்சைச் சரியாக விடவில்லை' என்று எழுதிக் கொடுத்தான். பதினெட்டு வருஷமாக ஊருக்கே கிளட்ச் விடச் சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். "இருக்கலாம் மேடம்" என்றான்.

வாரண்டி முடிந்த பிறகு நோய் அடிக்கடி வருகிறது. பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள். அப்புறம் பேட்டரி. அப்புறம் ஏதோ ஒரு சென்சார். எல்லாம் என் கையிலிருந்து. ஒவ்வொரு தடவையும் ஓர் உறுப்பு மாறுகிறது, நோய் மாறுவதில்லை. என் வீட்டுக்காரர் வண்டிக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சாக்பீஸ் கையைக் கழுவும்போதே, "மாப்பிள்ளை இன்னிக்கு முறைச்சுக்கிட்டாரா?" என்றுதான் கேட்கிறார்.

உன் வண்டி ஒழுங்காக ஓடுகிறதா? எழுது. நான் ஓட்டிப் பழக்கிய அதே மாடல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கினாய். "பெடல் எங்க இருக்குன்னு காலுக்கே தெரியுது டீச்சர்" என்றாய். நானும் ஷோரூமுக்குக் கூட வந்து, தரைவிரிப்பை இலவசமாகக் கொடுத்தால்தான் ஆச்சு என்று சண்டை போட்டேன். அந்த விரிப்பாவது நன்றாக உழைக்கிறதா?

சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடு. நைட் டியூட்டி முடித்த கையோடு வண்டியை எடுக்காதே.

உன் டிரைவிங் டீச்சர்


அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

உன் ஆஸ்பத்திரி நம்பரைத் தேடிப்பிடித்து நேற்று இரண்டு தடவை கூப்பிட்டேன். எடுத்தவர், நீ வார்டில் இருக்கிறாய், கூப்பிட முடியாது என்றார். வண்டியை எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். சரி சரி என்று வைத்துவிட்டார். அந்தச் 'சரி சரி' எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் விவரமாக எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை முட்டைக்கடைக்காரரை மேம்பாலத்துக்குக் கூட்டிப் போனேன். ஏற்றத்தில் ஓட்டிப் பழக்க இந்த ஊரில் அது ஒன்றுதான் இடம். முதல் தடவை அழகாக ஏறினார். இரண்டாம் தடவை பாதி ஏற்றத்தில் இன்ஜின் அணைந்தது. எந்த விளக்கும் எரியவில்லை, சத்தமும் இல்லை. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் ஒரு மணல் லாரி.

அவர் இரண்டு காலையும் எடுத்துச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டார். என் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பது உனக்குத் தெரியும். மிதித்தேன். முதல் மிதியில் நின்றது. பிறகு அது மரக்கட்டையாகிவிட்டது. ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். லாரிக்காரர் நல்ல டிரைவர். அவர் வண்டியின் முகம் எங்கள் பின்கண்ணாடி முழுக்க நிறைந்து நின்றது. அவ்வளவுதான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

லாரிக்காரர் இறங்கி வந்து எல் போர்டைப் பார்த்தார். திட்ட வாயெடுத்தவர், முட்டைக்கடைக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவர் வாங்கிக் குடித்துவிட்டு, "நான் என்ன டீச்சர் தப்பு பண்ணேன்?" என்று கேட்டார். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, வண்டிதான் என்றேன். அவர் தலையாட்டினார். மறுநாள் வகுப்புக்கு வரவில்லை. கடைக்குப் போன் செய்தால், "எனக்கு வண்டி ராசி இல்ல டீச்சர், விட்டுருங்க" என்றார்.

சர்வீஸ் சென்டருக்கு வண்டியை இழுத்துக்கொண்டுதான் போனார்கள். கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் தையல்கடை நடத்தும் ஓர் அம்மா. அவரும் அதே மாடல்தான் வைத்திருக்கிறார். அவருக்கும் சிக்னலில் அணைகிறதாம், அவர் தாளிலும் 'ஓட்டுகிறவர் தவறு'. "நான் தைக்கிற மிஷின் மாதிரியே காரையும் மிதிக்கிறேன்னு சொன்னாங்க. நானும் நம்பிட்டேன்" என்றார். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பேப்பரை மடித்துவிட்டு, தன் மகன் ஒரு வருஷமாக இதே புகாரோடு அலைகிறான் என்றார். ஒரே கூடத்தில் மூன்று பேர்! அத்தனை நாளும் நாங்கள் அவரவர் டோக்கனைப் பார்த்துக்கொண்டு, அவரவர் காலையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

மூவரும் சேர்ந்து மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றோம். டை கட்டிய பையன் உள்ளே போய்விட்டு வந்து, அடுத்த வாரம் ஒவ்வொருவராக வரச் சொன்னான்.

அப்போதுதான் உன் நினைவு வந்தது. உன் வண்டியும் அதே வருஷம், அதே மாடல். நான் மறுபடி எழுதும்வரை அதை எடுக்காதே. ஆஸ்பத்திரி வேன் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதில் போ. கூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை.

உன் டீச்சர்


அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

உன் பதில் வந்தது. வாசலிலேயே நின்று படித்தேன். வீட்டுக்காரர் என்ன என்று கேட்டார். அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து வண்டியை அவர் மாப்பிள்ளை என்று சொல்வதில்லை.

உன் வண்டியும் அணைவதை நீ ஏன் முதல் கடிதத்திலேயே எழுதவில்லை என்று கேட்கப் போவதில்லை. காரணத்தை நீயே எழுதிவிட்டாய். முன்பே இரண்டு தடவை அணைந்ததாம். அங்கே இருக்கிற சர்வீஸ்காரர்கள் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு அப்படித்தான் ஆகும், போகப் போகச் சரியாகிவிடும் என்றார்களாம். டீச்சருக்குத் தெரிந்தால் இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் கிளட்ச் விடத் தெரியவில்லையே என்று வருத்தப்படுவார் என்று நீ மறைத்தாயாம். படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. உன்மேல் இல்லை.

மேனேஜரைப் பார்த்ததைச் சொல்கிறேன். அறை குளிராக இருந்தது. மரியாதையான மனிதர், நடுத்தர வயது, மேஜையில் மகளோடு எடுத்த போட்டோ. நான் கோபமாகப் பேசத் தயாராகத்தான் போனேன். அவர் இடமே கொடுக்கவில்லை. "உங்க தப்பு இல்ல மேடம்" என்றுதான் ஆரம்பித்தார். இன்ஜின் பக்கத்தில் ஒரு வயர்க்கட்டு இரும்புத் தகட்டில் உரசிக்கொண்டே இருக்கிறதாம். தோல் தேய்ந்து வயர்கள் ஒன்றோடொன்று பட்டால், இன்ஜின் அணைந்துவிடுகிறதாம். என் வண்டியிடமே கூட்டிப்போய் பானெட்டைத் திறந்து காட்டினார். கட்டு முழுவதையும் இலவசமாக மாற்றித் தருவதாகவும், இன்னும் இரண்டு வருஷம் வாரண்டி போட்டுத் தருவதாகவும் சொன்னார். மனசு அப்படியே குளிர்ந்து போயிற்று, பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு ஒரு காகிதத்தை நகர்த்தினார். இந்தக் கோளாறைப் பற்றி நான் யாரிடமும் பேசக் கூடாது, எழுதக் கூடாது. மீறினால் செலவு முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும். கீழே கையெழுத்து.

என்னிடம் கற்றுக்கொண்ட ஒரு பெண் இதே வண்டியை மலையில் ஓட்டுகிறாள், அவளிடம் மட்டுமாவது சொல்லலாமா என்று கேட்டேன். "யாருகிட்டயும்னா யாருகிட்டயும்தான் மேடம். அவங்க வண்டி வந்தா அவங்களையும் கவனிச்சுக்குவோம்" என்றார். வந்தால்தானே என்றேன். அவர் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் காகிதத்தை அவர் எழுதியிருக்க மாட்டார்.

கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டேன். வண்டியை இழுத்துக்கொண்டு வந்து வீட்டுக்கு முன்னால் விட்டிருக்கிறேன். பழைய வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடக்கிறது. அதன் கதவு உள்ளிருந்து திறக்காது, மற்றபடி உத்தமம். தையல்கடை அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். எதிரே வந்தால் பேச்சை மாற்றுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு வண்டி நின்றால் டெலிவரி நிற்கும். வீட்டுக்காரர் முதல் இரண்டு நாள், "உனக்கு மட்டும் ஏன் இந்த வீம்பு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உன் கடிதம் வந்த மறுநாள் அவரே ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார். நுகர்வோர் கோர்ட்டில் போடலாமாம், இழுக்குமாம். இழுக்கட்டும்.

முட்டைக்கடைக்குப் போய் மேனேஜர் சொன்னதை அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டார். "எனக்காகத்தான் சொல்றீங்கன்னு தெரியுது டீச்சர்" என்றார். அவர் நம்பவில்லை. இன்னும் ஒரு தடவை போகலாம் என்றிருக்கிறேன்.

இனி நீ செய்ய வேண்டியது. பானெட்டைத் திறந்தால் பேட்டரிக்குப் பின்னால், கட்டைவிரல் கனத்தில் ஒரு கறுப்புக் குழாய் ஓடும், அதற்குள்தான் அந்த வயர்க்கட்டு. அது ஓர் இரும்புத் தகட்டுக்குக் கீழே நுழையும் இடத்தில் உரசல் இருக்கிறதா என்று நல்ல எலக்ட்ரீஷியன் ஒருவரைப் பார்க்கச் சொல். போட்டோ எடுத்து வை. கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடு. காகிதம் நீட்டினால் வாங்கிப் படி, உடனே கையெழுத்துப் போடாதே. பிறகு உன் இஷ்டம். நீ போட்டாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. வண்டியை விற்றுவிடப் போகிறேன், எனக்கு ஓட்ட வராது டீச்சர் என்று எழுதியிருக்கிறாய். வண்டியை விற்பதும் வைத்துக்கொள்வதும் உன் பாடு. ஆனால் அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூன்றாவது தடவை, இறக்கத்தில், வளைவுக்கு முன்னால் இன்ஜின் அணைந்து, ஸ்டியரிங் கல்லாகிப்போனதும், நீ பள்ளத்துப் பக்கம் பார்க்கவே இல்லை என்று எழுதியிருக்கிறாய். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திக்கொண்டு, உடம்பு முழுவதையும் போட்டு இழுத்து மலைப்பக்கம் திருப்பி, மண்மேட்டில் உரசவிட்டு நிறுத்தியிருக்கிறாய். பம்பர் போனதற்கு என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டிருக்கிறாய். நர்ஸம்மா, அதை நான் உனக்குச் சொல்லித் தரவில்லை. எனக்குச் சொல்லித் தரவும் தெரிந்திருக்காது.

நூறு வருஷம் நன்றாக இரு. எங்கே போனாலும் முழுசாகத் திரும்பி வா. இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரு வரி எழுதிப் போடு. சுகமா, சாப்பிட்டாயா, அதெல்லாம்கூட வேண்டாம். வேனில்தான் போகிறேன் என்று மட்டும் எழுது.

உன் டீச்சர்